தம் கட்டாம நில்லுங்க!

திருச்செங்கோட்டு மலைக்குப் படியேறி அர்த்தநாரீஸ்வரரைப் பார்ப்பவர்கள், வலப்பாதி ஆண், இடப்பாதி பெண் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார்கள். எனக்கு மட்டும் இப்போதெல்லாம் அங்கே நின்றால் புத்தி தறிகெட்டு ஓடுகிறது. இந்தச் சாமிக்குச் சதை போட்டால் எந்தப் பாதியில் எங்கே போடும்? சிரிக்காதீர்கள். பிரான்சில் மார்செய் நகரத்து மருத்துவர் ழான் வாக் 1947-இல் பிடித்துக்கொண்டதும் ஏறக்குறைய இந்தக் கேள்வியைத்தான். ஆண்களுக்குக் கொழுப்பு வயிற்றில் உட்காருகிறது, பெண்களுக்கு இடுப்பிலும் தொடையிலும்; ஆபத்து வயிற்றுக் கொழுப்பில்தான் என்றார்.

தொடைக் கொழுப்பு தபால் ஆபீஸ் சேமிப்பு மாதிரி. போட்டது போட்ட இடத்தில் கிடக்கும். குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்போ துடுக்கு. அதிலிருந்து கசியும் கொழுப்பமிலம் நேரே கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் இறங்கிவிடும். அங்கே ஆரம்பிக்கும் ரகளை சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, இதயக்குழாய் என்று ஊர்வலம் போகும். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கும் இடப்பாதிக் கணக்கு மெல்ல வலப்பாதிக்கு மாறுகிறது. (சாமி மன்னிக்கட்டும்.)

இதையெல்லாம் நம் ஆட்களிடம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அந்தக் கூத்தைத்தான் எட்டிப்பார்க்கப் போகிறோம்.

சென்னையில் டாக்டர் வி.மோகனின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2001-இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. மாநகரத்தில் 26,001 பேர்! அந்தக் கடைசி ஒருவர் யார் என்று எனக்கு இன்னும் குறுகுறுப்பு. இப்படிப்பட்ட ஆய்வுகளின் கதாநாயகன் லட்சக்கணக்கில் விலையுள்ள மெஷின் என்று நினைத்திருந்தேன். தையல்காரர் கழுத்தில் தொங்குமே, அந்த இஞ்ச் டேப்புதான் கதாநாயகன்.

ஆனால் டேப்பைச் சுற்றுவதற்கும் சாஸ்திரம் உண்டு. கடைசி விலா எலும்பைத் தடவிப் பார்க்க வேண்டும், இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தடவிப் பார்க்க வேண்டும், இரண்டுக்கும் நட்டநடுவில் டேப். முதுகுப் பக்கம் சரியக் கூடாது. இயல்பாக மூச்சு விட்டு முடிக்கிற கணத்தில் எண்ணைப் படிக்க வேண்டும். டேப்பைக் கண்டதும் தம் கட்டாத ஆண்மகன் தமிழ்நாட்டில் உண்டா? அங்கேதான் சிக்கல். நம் ஊர் எல்லை ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80.

டேப்பை விடத் தமாஷ் சாப்பாட்டுக் கணக்கு. சென்னைக் குழு தயாரித்த கேள்விப்பட்டியலில் 222 பதார்த்தங்கள். இட்லி எத்தனை, எத்தனை நாளைக்கு ஒருதரம், குழம்பு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். "கொஞ்சமாத்தான் சாப்பிடுவேன்" என்பது நம் தேசிய கீதம் ஆயிற்றே! எங்களூர்த் திருச்செங்கோட்டு மலையில் அறுபதாம் படி இருக்கிறது. அதில் நின்று சொன்ன சத்தியத்துக்கு அந்தக் காலத்தில் வழக்கே தீரும் என்பார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் 222 கேள்வியையும் அந்தப் படியில் வைத்துக் கேட்டால் புள்ளிவிவரமே வேறு மாதிரி வரும் என்பது என் தாழ்மையான யோசனை.

சத்தியம் இல்லாமலே கிடைத்த விடைகள் போதுமான அளவு உறைக்கின்றன. 2009-இல் வந்த கட்டுரைப்படி, சென்னைக்காரர்களின் கலோரியில் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியத்திலிருந்து. அதிலும் பெரும்பங்கு வெள்ளைச் சோறு. தீட்டிய தானியம் அதிகம் தின்றவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு கூட, ட்ரைகிளிசரைடு கூட, நல்ல கொலஸ்ட்ரால் குறைவு. எண்ணெயையும் முட்டையையும் மட்டுமே முறைத்துக்கொண்டிருந்த நமக்கு, தட்டின் நடுவில் வெள்ளையாகச் சிரித்துக்கொண்டிருந்தவர் கண்ணில் படவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி ஒன்று உண்டு. புனே டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யுட்கின். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு அச்சு அசலாக 22.3. உடம்புக் கொழுப்பை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் படுத்தார்கள். யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக் கொழுப்பு 21.2! 2004-இல் இருவரும் ஜோடியாகப் படம் எடுத்து லான்செட் மருத்துவ இதழில் போட்டே விட்டார்கள். யுட்கின் மாரத்தான் ஓடுகிறவர்; யாஜ்னிக் ஓடுவது ஆஸ்பத்திரி லிப்ட் கதவு மூடுவதற்குள் உள்ளே நுழைய மட்டும் என்ற குறிப்பும் உண்டு. தன் கொழுப்பையே ஆய்வுப்பொருளாக்கிச் சிரிக்கிற விஞ்ஞானிக்கு ஒரு கும்பிடு. கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொல்வதை அந்தப் படம் நினைவூட்டுகிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்விலும் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கை விட இடுப்பு, பிட்டச் சுற்றளவு விகிதமே மாரடைப்பை நன்றாகக் கணித்தது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களை விட ஏறத்தாழ 6 ஆண்டு முன்னதாகவே வந்தது.

சென்னைக் குழு அடுத்து, சர்க்கரையை நாளெல்லாம் உளவு பார்க்கும் சென்சாரைச் சிலர் உடம்பில் ஒட்டி, வெள்ளைச் சோறு, தீட்டாத அரிசிச் சோறு, அதோடு பருப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். தீட்டாத அரிசியில் சர்க்கரை ஏற்றம் சுமார் 20 சதவீதம் குறைந்தது; பருப்பு சேர்ந்தபோது இன்னும் கொஞ்சம். அரிசியும் பருப்பும் சோறு! கொங்கு நாட்டுச் சமையலறைகளில் குக்கர் விசில் அடிப்பது கேட்கிறதா? என்ன, நம் வீட்டில் பருப்பு கைப்பிடி, அரிசி படி.

இத்தனையும் படித்துவிட்டு, பேண்ட் தைக்க அளவு கொடுக்கப் போனேன். விலா எலும்பைத் தடவி, இடுப்பெலும்பைத் தடவி, "இங்க வெச்சு எடுங்க" என்றேன். தையல்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, தம் கட்டிட்டே நிக்கறீங்க? மூச்ச விடுங்க."

விட்டேன். முப்பத்தெட்டே முக்கால் இஞ்ச். கணக்குப் போட்டால் 98 சென்டிமீட்டர்.

"பயப்படாதீங்கண்ணா," என்று அவர் நோட்டில் 34 என்று எழுதினார். "நீங்கதான் தொப்பைக்குக் கீழ கட்டறீங்களே."