வளையலைக் காப்பாற்றிய பிளக்

இளம்பிள்ளையில் எங்களுக்குப் புடவை வியாபாரம். சேலத்துக்குச் சரக்கு போவது பழைய பெட்ரோல் கார் ஒன்றில்தான். போன மாதம் அது திக்கித் திக்கி ஓடியது. மெக்கானிக் பிளக்கைக் கழற்றி, "ஆயில் இருக்குதுங்கம்மா, என்ஜினை இறக்கணும்" என்றார். எங்க வீட்டுக்காரர் பார்வை என் வளையல் மேல் போயிற்று!

"எந்த இடத்துல ஆயில்? காட்டுங்க தம்பி" என்றேன். வாடகைக் கார் ஓட்டிய என் அண்ணன் சொல்லித் தந்த பாடம் அது. பிசுக்கெல்லாம் பிளக்கின் மேல்பாகத்தில்தான். தீப்பொறி வரும் முனை காய்ந்து, வெளிர் பழுப்பாக இருந்தது. அப்படியானால் ஆயில் மேலே டேப்பெட் கவர் பேக்கிங்கில் கசிந்து இறங்கியது. உள்ளே கோளாறில்லை.

சகோதரிகளே, என்ஜின் ஆறிய பிறகு நீங்களும் பாருங்கள். முனையே கறுத்து எண்ணெயாய் நனைந்திருந்தால்தான் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். புகையும் நீலமாக வரும். முனையில் காய்ந்த கரி மட்டும் என்றால் அது ஆயிலல்ல, பெட்ரோல் அதிகமாகப் போவதன் அடையாளம்.

ஆயிலே என்றாலும் அவசரப்படாமல் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால், அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்வு.

பேக்கிங்கும் பிளக் தொப்பியும் மாற்றினோம். திக்கல் நின்றது. வளையல் என் கையிலேயே இருக்கிறது!