சத்தம் போடாத நோயாளி

திண்டுக்கல் அரசு ஆஸ்பத்திரிக்கு நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டை என்று சுற்று வட்டாரமெல்லாம் நோயாளிகளைக் கொண்டு வருகிறது. கன்னியாகுமரி நெடுஞ்சாலை ஊரை ஒட்டிப் போவதால் விபத்துக்கும் குறைவில்லை.

ஓர் இரவை நினைத்துப் பாருங்கள். அவசரப் பிரிவில் கூட்டம் நெரிகிறது. கை ஒடிந்த ஒருவர் "ஐயோ, அம்மா!" என்று அலறுகிறார். மூலையில் ஒரு விவசாயி பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். தரையில் படுத்துத் தூங்கியபோது எதுவோ சுருக்கென்று கடித்ததாம்.

யாரை முதலில் பார்ப்பது?

அலறுகிறவரை என்றுதான் தோன்றும். ஆனால் கட்டுவிரியன் கடித்தால் வலி அதிகம் இருக்காது. கடிவாய் கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். சில மணி நேரத்தில் இமை தானாகத் தொங்கும். பேச்சுக் குழறும். பிறகு மூச்சே நின்றுவிடும்!

மூன்று நிறங்கள்

அதனால்தான் வந்தவுடன் தரம் பிரிக்கிறார்கள். சிவப்பு என்றால் உடனே சிகிச்சை. மஞ்சள் சற்றுப் பொறுக்கலாம். பச்சை காத்திருக்கலாம். "நான்தானே முதலில் வந்தேன்?" என்ற சண்டை இங்கே எடுபடாது. இதென்ன, சினிமா டிக்கெட்டா?

ஒன்று முக்கியம். மஞ்சள் அரை மணியில் சிவப்பாக மாறலாம். பெஞ்சில் உட்கார வைத்ததோடு ஆஸ்பத்திரியின் பொறுப்புத் தீரவில்லை. காத்திருப்பவரை மறுபடி மறுபடி பார்க்க வேண்டும். மாற்றம் முதலில் தெரிவது பக்கத்தில் இருக்கும் உறவினருக்குத்தான். இமை தொங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, நர்ஸிடம் ஓடிப் போய்ச் சொல்லத் தயங்கக் கூடாது. அது தொந்தரவு ஆகாது.

கட்டில் காலி இல்லை என்றால்?

இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை போயிருக்கிறது. 1992 ஜூலை 8-ந் தேதி, மேற்கு வங்காளத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி ரெயிலிலிருந்து விழுந்தார். தலையில் பலத்த காயம். உறவினர்கள் அவரைத் தூக்கிக் கொண்டு கல்கத்தாவில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார்கள். "இடம் இல்லை", "வசதி இல்லை" என்றே பதில்! கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார்.

விசாரணைக் குழு என்ன சொன்னது தெரியுமா? கட்டில் இல்லாவிட்டால் தள்ளுவண்டியில், அதுவும் இல்லாவிட்டால் தரையிலாவது படுக்க வைத்திருக்க வேண்டும் என்றது.

1996 மே மாதம் தீர்ப்பு வந்தது. அவருக்கு 25,000 ரூபாய் நஷ்டஈடு. உயிர் காக்கும் சிகிச்சையை உரிய நேரத்தில் தராதது, உயிர் வாழும் உரிமையைப் பறித்ததாகும் என்றது கோர்ட்டு. பணம் இல்லை என்ற சாக்கையும் அது ஏற்கவில்லை.