பாவித்த போனும் சிம் பூட்டும்

கொழும்பு மருதானையிலும் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தைக் காலி வீதியிலும் உள்ள கைத்தொலைபேசி திருத்தும் கடைகளின் முகப்பில், திரை மாற்றுதல், பற்றரி மாற்றுதல் என்பவற்றோடு ‘அன்லொக்’ என்ற சொல்லும் இடம்பெறுவதற்கு, இலங்கையின் தொலைபேசி நிறுவனங்களைவிட இலண்டன், ரொறன்ரோ, நியூயோர்க் நகரங்களில் சேவை வழங்கும் நிறுவனங்களே பெரிதும் காரணமாக இருந்துவந்துள்ளன. தெற்காசியாவின் முதலாவது செல்லிடத் தொலைபேசிச் சேவை 1989 இல் ‘செல்டெல்’ என்ற பெயரில் கொழும்பில் தொடங்கியது. 1995 இல் டயலொக் நிறுவனம், சிம் அட்டையை அடிப்படையாகக் கொண்ட ஜிஎஸ்எம் சேவையை ஆரம்பித்தது. அதன்பின் இங்கு வேரூன்றிய வழக்கம், கருவியைக் கடையில் முழு விலை கொடுத்து வாங்குவதும், சிம்மை வேறாக வாங்கி முற்பணம் ஏற்றிப் பேசுவதுமாகும். கருவியின் விலையில் நிறுவனம் ஒரு சதமேனும் பங்கேற்காத இடத்தில் அதைப் பூட்டிவைக்க வேண்டிய தேவையும் எழுவதில்லை.

மேற்கு நாடுகளில் வழக்கம் வேறு. அங்கே வாடிக்கையாளர் இரண்டு ஆண்டுகளுக்கு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, விலை உயர்ந்த கருவியைச் சிறு தொகைக்கோ இலவசமாகவோ பெற்றுக்கொள்கிறார். நிறுவனம் அந்த விலையை மாதக் கட்டணத்துக்குள் வைத்து அறவிடுகிறது. கருவியைப் பெற்றவர் மறுமாதமே வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுவிட்டால் முதலீடு கைநழுவிப் போகும் என்ற அச்சத்தில் இடப்படுவதே ‘சிம் பூட்டு’ எனப்படும் வலையமைப்புப் பூட்டு. ஆகவே அது, தொடக்கத்தில், கருவியோடு சேர்ந்து பயணிக்கும் ஒரு கடன் பத்திரமே. கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் மாமா தாம் பாவித்த போனைக் கொட்டாஞ்சேனையில் இருக்கும் மருமகனுக்குக் கொடுத்தனுப்பும்போது போன் வந்து சேர்கிறது. கடன் தீர்ந்ததா என்ற கணக்கும் பூட்டைத் திறக்கும் அதிகாரமும் கடலுக்கு அப்பால் தங்கிவிடுகின்றன. திருத்தும் கடைகளின் தொழிலில் பிற்காலத்தில் ஏற்பட்ட மாற்றங்கள் அனைத்தும் இந்த ஒரு நிலையிலிருந்தே கிளைக்கின்றன.

பூட்டு எவ்வாறு இயங்குகிறது என்பது சிக்கலானதன்று. ஒவ்வொரு சிம் அட்டையிலும் சந்தாதாரருக்குரிய அடையாள எண் ஒன்று பதியப்பட்டிருக்கும். பெரும்பாலும் 15 இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையும், அடுத்து வருபவை நிறுவனத்தையும் குறிப்பன. இலங்கைக்குரிய நாட்டுக் குறி 413. அதனை அடுத்து 01 வந்தால் மொபிட்டல், 02 வந்தால் டயலொக். கருவியை இயக்கத் தொடங்கியதும் அதன் மென்பொருள் இந்த இலக்கங்களைப் படித்து, தனக்குள் அனுமதிக்கப்பட்ட பட்டியலோடு ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் திறப்புக் குறியீட்டைக் கேட்டுத் திரையை நிறுத்திவிடுகிறது, அல்லது ஐபோனாயின் இந்தச் சிம் ஏற்கப்படாது என அறிவிக்கிறது. பட்டியல் கருவியின் பாதுகாக்கப்பட்ட பகுதியில் இருப்பதால், ‘ரீசெட்’ செய்து படங்களையும் தொடர்பெண்களையும் எத்தனை முறை அழித்தாலும் பூட்டு அசையாது.

2007 ஆம் ஆண்டில் ஐபோன் வெளிவந்தபோதுதான் இந்தப் பூட்டு பொதுமக்களின் பேசுபொருளாயிற்று. அமெரிக்காவில் ஏ.டி. அன்ட் டி. நிறுவனத்துக்கு மட்டுமே உரியதாக விற்கப்பட்ட அந்தக் கருவியை, ஜோர்ஜ் ஹொட்ஸ் என்ற பதினேழு வயது மாணவர் அதே ஆண்டு ஓகஸ்டில் பிரித்துப் பற்றாசு வைத்துத் திறந்து காட்டினார். அவ்வாறு திறந்த ஒரு போனுக்கு மாற்றாக அவர் பெற்றது ஒரு நிசான் காரும் மூன்று புதிய ஐபோன்களும். ஜெர்மனியில் அதே ஆண்டு நவம்பரில் வொடபோன் நிறுவனம் தொடுத்த வழக்கினால், ரி-மொபைல் நிறுவனம் சில வாரங்களுக்குப் பூட்டில்லாத ஐபோனையும் விற்க நேர்ந்தது. ஒப்பந்தத்தோடு 399 யூரோவாக இருந்த அதே கருவிக்கு, பூட்டும் ஒப்பந்தமும் இல்லாத நிலையில் குறிக்கப்பட்ட விலை 999 யூரோ. மாதக் கட்டணத்துக்குள் எவ்வளவு ஒளிந்திருந்தது என்பதை இந்த 600 யூரோ இடைவெளியைவிடத் தெளிவாக எந்தப் பொருளியல் நூலும் காட்டியிருக்க முடியாது.

அரசுகள் தலையிட்டது மெதுவாகத்தான். கனடாவில் பூட்டைத் திறப்பதற்கென நிறுவனங்கள் வாடிக்கையாளரிடம் தனிக் கட்டணம் வாங்கிவந்தன. 2016 ஆம் ஆண்டில் மட்டும் இவ்வாறு கிடைத்த வருமானம் 37.7 மில்லியன் கனேடிய டொலர் என்பது வெளிவந்தபின், அந்நாட்டின் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 2017 டிசம்பர் 1 முதல் புதிய கருவிகள் யாவும் பூட்டின்றியே விற்கப்பட வேண்டும் என்றும், பழையவற்றைக் கட்டணமின்றித் திறந்துகொடுக்க வேண்டும் என்றும் விதித்தது. பிரித்தானியாவில் நிறுவனம் மாறுவதைக் கைவிட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் பூட்டுத் திறக்கும் அலைச்சலையே காரணமாகச் சொன்னதாக அங்குள்ள ஒழுங்குபடுத்தும் அமைப்பான ‘ஒஃப்கொம்’ கண்டறிந்து, 2021 டிசம்பரிலிருந்து பூட்டிய கருவிகளின் விற்பனையைத் தடைசெய்தது. ஜப்பானும் அதே ஆண்டு ஒக்டோபரில் இவ்வழிக்கு வந்தது. அமெரிக்கா மட்டும் பாதி வழியில் நிற்கிறது: 2014 ஓகஸ்டில் ஜனாதிபதி ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், வாடிக்கையாளர் தம் கருவியின் பூட்டைத் திறப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று சொன்னதே தவிர, பூட்டி விற்பதைத் தடுக்கவில்லை.

இந்த ஆண்டுகளை நினைவில் வைத்திருப்பது கொழும்பில் பாவித்த போன் வாங்குவோருக்கு நேரடியாகப் பயன்படும். கனடாவில் 2018 க்குப் பின்னும் பிரித்தானியாவில் 2022 க்குப் பின்னும் புதிதாக விற்கப்பட்ட கருவியில் சிம் பூட்டு இருப்பதற்குக் காரணம் இல்லை. ஆகவே இன்று வெள்ளவத்தைக் கடையின் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டோடு கிடக்கும் அண்மைக்கால ஐபோன் அமெரிக்காவிலிருந்து வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஐபோனில் இதை அறிய ஒரு வழி உண்டு. அமைப்புகளில் ‘எபவுட்’ என்ற பக்கத்தில் காணப்படும் மாதிரி எண், ‘எல்எல்/ஏ’ என முடிந்தால் அமெரிக்காவுக்கும், ‘பி/ஏ’ என முடிந்தால் பிரித்தானியாவுக்கும், ‘ஜே/ஏ’ என முடிந்தால் ஜப்பானுக்கும் தயாரிக்கப்பட்டது. அதே எண்ணின் முதலெழுத்து ‘எம்’ ஆயின் புதிதாக விற்கப்பட்டது, ‘எஃப்’ ஆயின் திருத்திப் புதுப்பித்து விற்கப்பட்டது, ‘என்’ ஆயின் பழுதான ஒன்றுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டது. அப்பக்கத்திலேயே சற்றுக் கீழே ‘கெரியர் லொக்’ என்ற வரியும் உண்டு; சிம் கட்டுப்பாடுகள் இல்லை என்ற பொருளில் ஆங்கிலத்தில் அங்கு எழுதியிருந்தால் மட்டுமே பூட்டில்லை என விற்பவர் சொல்வதை ஏற்கலாம்.

திருத்தும் கடைகளின் தொழில் இதற்குள் தலைகீழாக மாறிவிட்டது. நொக்கியா கோலோச்சிய காலத்தில் திறப்புக் குறியீட்டைக் கருவியின் ஐஎம்இஐ எண்ணிலிருந்தே கணித்துவிடக்கூடியதாயிருந்தது. ஐஎம்இஐ என்பது ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே உரிய 15 இலக்க அடையாளம். அதன் முதல் எட்டு இலக்கங்கள் மாதிரியையும், அடுத்த ஆறு கருவியின் தொடர் எண்ணையும் குறிக்க, கடைசி இலக்கம் ஏனையவை சரியா என்று சோதிப்பதற்கானது. கணினியில் கணித்த குறியீட்டைக் கருவியில் இடுவதற்கு, நட்சத்திரப் பொத்தானை மூன்று தடவை அழுத்தி ‘பி’ என்ற எழுத்தையும், நான்கு தடவை அழுத்தி ‘டபிள்யூ’வையும், இரண்டு தடவை அழுத்திக் கூட்டல் குறியையும் வரவழைக்க வேண்டும். ஐந்து முறை தவறினால் விசைப்பலகை வழியே திறக்கும் வாய்ப்பு இல்லாமற் போய், கருவியைக் கம்பி இணைத்துத்தான் திறக்க முடியும் என்பதால், அந்தப் பொத்தானை அழுத்தும் விரலில் ஒரு தொழில் நேர்த்தி இருக்கத்தான் செய்தது. பின்னர் வந்த சம்சுங் முதலியவற்றுக்கு ‘ஒக்டோபஸ்’, ‘ஸெட்-3-எக்ஸ்’ எனப் பெயர் கொண்ட ‘பொக்ஸ்’கள், அதாவது கணினிக்கும் கருவிக்கும் இடையே பொருத்தப்படும் சிறு பெட்டிகள், பயன்பட்டன. கருவியின் நினைவகத்தைப் படித்துப் பூட்டுப் பகுதியைத் திருத்தி எழுதுவது அவற்றின் வேலை.

இன்று அந்த வேலைகளில் பெரும்பகுதி கடை மேசையை விட்டுப் போய்விட்டது. ஐபோனின் பூட்டு நிலை அப்பிள் நிறுவனத்தின் தரவுத்தளத்தில் இருப்பதால், முதல் விற்ற தொலைபேசி நிறுவனம் அங்கே அதைத் திறந்ததாகப் பதிந்தாலன்றிக் கருவி முறைப்படி திறவாது. மருதானைக் கடைக்காரர் ‘சேர்வர் அன்லொக்’ என்று சொல்லும்போது அவர் செய்வது, ஐஎம்இஐ எண்ணை வெளிநாட்டு இடைத்தரகர் ஒருவருக்கு அனுப்பிப் பணம் கட்டிக் காத்திருப்பதுதான். சில நாட்களில் வேலை முடியலாம், சில வேளைகளில் முடியாது என்ற பதிலும் வரலாம். இதனைக் கடைக்காரரின் கெட்டித்தனமாகவோ கையாலாகாத்தனமாகவோ எடுத்துக்கொள்வது இரண்டுமே பிழை. கட்டணம் செலுத்துமுன், வேலை நடக்காவிட்டால் பணம் திரும்புமா என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குவது அவசியம். முதல் உரிமையாளர் வெளிநாட்டிலேயே தவணையை முடித்து, தம் நிறுவனத்திடம் நேரடியாக விண்ணப்பித்தால், பெரும்பாலும் காசு செலவின்றி அதே காரியம் நிறைவேறிவிடும். எடுத்துக்காட்டாக ஏ.டி. அன்ட் டி. கேட்பது, முழு விலையும் கட்டி முடிந்திருப்பதும், கருவி குறைந்தது 60 நாட்கள் அதன் சேவையில் இருந்திருப்பதுமே. விமானம் ஏறுமுன் செய்யவேண்டிய இந்த ஒரு விண்ணப்பத்தை மறந்துவிட்டுப் போனைப் பயணப் பையில் வைத்துக் கொண்டுவருவதால்தான் கொழும்பில் அலைச்சல் தொடங்குகிறது.

திறக்க முடியாத ஐபோன்களுக்கு ‘ஆர்-சிம்’ என்ற மெல்லிய சில்லும் விற்பனையில் உண்டு. சிம் அட்டையின் மேல் ஒட்டிச் செருகப்படும் அது, கருவிக்குத் தன் சொந்த நிறுவனத்தின் சிம்மே உள்ளே இருப்பதாகப் பொய் சொல்கிறது. மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது அந்தப் பொய் அடிக்கடி பிடிபட்டுவிடும். இப்படியான போனைப் ‘பூட்டில்லாதது’ என்று விற்பது ஏமாற்று என்பதில் ஐயமில்லை. வாங்குபவர் சிம் தட்டைத் தாமே வெளியே இழுத்துப் பார்த்தால் போதும்.

சிம் பூட்டோடு வேறு மூன்று தடைகளையும் மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றனர். அப்பிள் நிறுவனம் 2013 இல் கொண்டுவந்த, முந்தைய உரிமையாளரின் கணக்கோடு பிணைந்த ஐகிளவுட் பூட்டு ஒன்று; அன்ட்ரொய்ட் கருவிகளில் அதற்கு நிகரானது கூகுள் கணக்குப் பூட்டு. இவை திருட்டுக்கு எதிரானவை, உரிமையாளரின் கடவுச்சொல் இன்றித் திறக்கப்படலாகாதவை. தொலைந்ததாகவோ தவணை கட்டப்படாததாகவோ முறையிடப்பட்ட ஐஎம்இஐ எண்கள் கறுப்புப் பட்டியலில் சேர்வது இரண்டாவது. பட்டியலை எல்லா நாட்டு நிறுவனங்களும் ஒரே விதமாகப் பயன்படுத்துவதில்லை என்பதால், இலண்டனில் முடங்கிய கருவி கொழும்பில் இயங்கிவிடக்கூடும். அதனால் அது நேர்மையான பொருளாகிவிடாது. ஐஎம்இஐ எண்ணையே மாற்றித் தருகிறோம் என்பவரிடம் போனைக் கொடுப்பது கூடவே கூடாது. பிரித்தானியாவில் 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது குற்றம். மூன்றாவது சம்சுங்கின் பிரதேசப் பூட்டு: 2013 ஆம் ஆண்டளவில் வந்த நோட் 3 முதலாகச் சில கருவிகள், விற்கப்பட்ட பிரதேசத்துச் சிம்மில் மொத்தம் ஐந்து நிமிடம் பேசிய பின்னரே பிற பிரதேசத்துச் சிம்மை ஏற்கும். பெட்டி பிரிக்காத புதிய போனாகவே பாரிஸிலிருந்து பரிசு வருவது மதிப்பு என்று எண்ணுவோர், இந்த இடத்தில் பாவித்த போனே மேல் என்று காண்பர்.

பூட்டு திறந்தபின்னும் இலங்கையில் ஒரு வாயில் மிஞ்சியுள்ளது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, தன்னிடம் பதியப்படாத ஐஎம்இஐ எண்ணுடைய கருவிகள் 2025 ஜனவரி பிற்பகுதியிலிருந்து வலையமைப்புகளில் புதிதாக இணைய முடியாது என்றும், ஏற்கெனவே பாவனையில் இருப்பவற்றுக்குப் பாதிப்பில்லை என்றும் அறிவித்தது. கடையில் நிற்கும்போதே *#06# என அழுத்தி ஐஎம்இஐ எண்ணைத் திரையில் வரவழைத்து, ‘ஐஎம்இஐ’ என ஆங்கில எழுத்துகளில் எழுதி ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 1909 க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் பதிவு நிலை தெரிந்துவிடும். டொலர் ஒன்று 2022 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்து சில மாதங்களில் 360 ஐத் தொட்டபோது, புதிய போன் எட்டாக்கனியாகிப் பாவித்ததை நாடியவர்கள் பலர். அவர்களுக்கு இந்தச் சோதனை ஒரு பாதுகாப்பு, உறவினர் பரிசாக அனுப்பிய போனை வைத்திருப்பவருக்கோ அது மேலதிக அலைச்சல்.

இவ்வளவும் வெளிநாட்டுப் பூட்டு பற்றியது. ஆனால் உள்ளூர்ப் பூட்டு இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கணினியில் செருகும் ‘டொங்கிள்’ காலத்திலிருந்து வீட்டுக்கான 4ஜி ரவுட்டர் வரை, இணைப்போடு சேர்த்து வழங்கப்படும் கருவிகள் பல, வழங்கிய நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்பவை. வெள்ளவத்தையில் நன்றாக வேலை செய்த ரவுட்டரைக் கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தொடர்மாடி ஒன்றுக்குக் கொண்டுபோனபின், அங்கு அலை வலுவாக உள்ள மற்ற நிறுவனத்தின் சிம்மைப் போட முடியாமற் போகிறபோதுதான் அது வாடிக்கையாளருக்குப் புரிகிறது. கைத்தொலைபேசியில் கனடாவும் பிரித்தானியாவும் கைவிட்ட வழக்கத்துக்கு இந்த ரவுட்டரில் இன்னும் இடமிருக்கிறது. இங்கே சாவியை வைத்திருப்பது கடலுக்கு அப்பாலுள்ள நிறுவனமன்று, கொழும்பிலேயே கேட்டுப் பெறக்கூடிய ஒன்று.