வயிற்றுக்குள் குழந்தை உதைப்பது சும்மா இல்லை... மூட்டுகள் சரியாக உருவாகவே அந்த அசைவு தேவை!

"அஞ்சாவது மாசம் ஆச்சே, குழந்தை இன்னும் அசையலையா?" முதல் முறை கர்ப்பமாக இருக்கும் பெண்ணிடம் வீட்டுப் பெரியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. உண்மையில் குழந்தை அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அசையத் தொடங்கிவிடுகிறது. அம்மாவுக்குத்தான் தெரிவதில்லை.

கடைசி மாதவிடாயில் இருந்து கணக்கிட்டால் சுமார் 8வது வாரத்திலேயே முதல் அசைவுகளை ஸ்கேனில் பார்க்க முடியும். அப்போது கருவின் நீளம் ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம்தான். முதல் பிரசவம் என்றால் அம்மா அதை உணர 18 முதல் 20 வாரங்கள் ஆகலாம்.

சரி, இவ்வளவு சீக்கிரம் ஏன் அசைய வேண்டும்?

எலும்புக்கு முன்னால் குருத்தெலும்பு

6வது வாரத்தில் கருவின் பக்கவாட்டில் நான்கு சின்ன மொட்டுகள் தோன்றும். அவைதான் பின்னாளில் கை, கால். உள்ளே முதலில் எலும்பு இருக்காது. காது மடலில் தொட்டுப் பார்க்கிறோமே, அதுபோன்ற குருத்தெலும்பில் ஒரு 'மாதிரி' தயாராகும். விரல்கள் முதலில் துடுப்பு மாதிரி ஒட்டியிருக்கும். இடையில் உள்ள செல்கள் தாமாகவே அழிந்து, 10வது வாரத்துக்குள் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். அதையொட்டித்தான் கை, கால் குருத்தெலும்புகளின் நடுவில் சுண்ணாம்புச் சத்து படிந்து எலும்பாக மாறும் வேலை தொடங்குகிறது.

தசைகள் வருவது வேறு இடத்தில் இருந்து. முதுகெலும்பு உருவாகும் பகுதிக்கு அருகே உள்ள செல் திட்டுகளில் இருந்து புறப்பட்டு, கை, கால் மொட்டுகளுக்குள் அவை இடம்பெயர்ந்து வருகின்றன. வந்து சேர்ந்து, நரம்பும் இணைந்ததும் தசை சுருங்கத் தொடங்கும். அதுதான் அந்த முதல் அசைவு.

கோழிக் கரு சொன்ன பாடம்

முழங்கையோ முழங்காலோ, ஆரம்பத்தில் அங்கே இடைவெளி எதுவும் கிடையாது. எங்கே மூட்டு வர வேண்டும் என்பதை மரபணுக்கள் குறித்துவைக்கும். ஆனால் அந்த இடம் பிரிந்து, வழுக்கிச் செல்லும் பரப்பாக மாறுவதற்கு அசைவு வேண்டும்.

1966ஆம் ஆண்டு டிராக்மேன், சொகோலோஃப் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், முட்டைக்குள் இருந்த கோழிக் கருக்களின் தசைகளை மருந்து கொடுத்து முடக்கினார்கள். எலும்புகள் வளர்ந்தன. ஆனால் மூட்டுகளில் இடைவெளி சரியாக உருவாகவில்லை, ஒட்டிக்கொண்டன. வாசல் இருக்கிறது, கதவு திறக்கவில்லை என்கிற கதைதான்.

மனிதர்களிலும் இதற்கு இணையான நிலை உண்டு. நரம்பு அல்லது தசைக் கோளாறு, பனிக்குட நீர் மிகவும் குறைவது போன்ற காரணங்களால் கரு நீண்ட நாள் அசையாமல் இருந்தால், பல மூட்டுகள் விறைத்த நிலையில் குழந்தை பிறக்கலாம். இதை ஆர்த்ரோகிரிபோசிஸ் என்கிறார்கள். அரிதானது, சுமார் 3,000 பிரசவங்களில் ஒன்று. அம்மா வீட்டு வேலை செய்தாரா, கிரகணத்தன்று வெளியே போனாரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இந்தப் பழியை இன்னமும் பெண்கள் மீது போடுவதுதான் வேதனை.

கவனிக்க வேண்டிய இடுப்பு மூட்டு

பிறக்கும்போது இடுப்புக் கிண்ணம் ஆழம் குறைவாகவே இருக்கும். தொடை எலும்பின் உருண்டை அதற்குள் பதிந்து அசைய அசையத்தான் கிண்ணம் ஆழமாகும். கடைசி மாதங்களில் தலை திரும்பாமல், கால் அல்லது பிட்டம் கீழே இருந்த குழந்தைகளுக்கு இந்த மூட்டு விலகும் வாய்ப்பு அதிகம். பெண் குழந்தைகளுக்கும், குடும்பத்தில் யாருக்காவது இந்தப் பிரச்னை இருந்திருந்தாலும் அப்படியே. சுகப்பிரசவமோ சிசேரியனோ, குழந்தை அப்படி இருந்தது என்றால் சுமார் 6 வாரத்தில் இடுப்புக்கு ஸ்கேன் தேவையா என டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. முதல் சில மாதங்களில் கண்டுபிடித்தால், கால்களை அகட்டி வைக்கும் பட்டையிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். நடக்கத் தொடங்கிய பிறகு தெரிந்தால் ஆபரேஷன் வரை போகும்.

குழந்தையின் காலை நேராக நீட்டி, துணியால் இறுக்கிச் சுற்றுவதும் இந்த மூட்டுக்கு ஆகாது. கால்கள் மடங்கி, அகண்டு அசைய இடம் வேண்டும். தலை நின்ற பிறகு பாட்டிமார் இடுப்பில் உட்கார வைத்துத் தூக்குகிறார்களே, அது மூட்டுக்கு ஏற்ற நிலைதான்.

கால்சியம் எங்கிருந்து வருகிறது?

பிறப்பதற்குள் குழந்தையின் உடலில் சுமார் 30 கிராம் கால்சியம் சேர்கிறது. பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில், முழுக்க அம்மாவிடம் இருந்து. அதனால்தான் 14வது வாரத்தில் இருந்து கால்சியம் மாத்திரை தருகிறார்கள். இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு சரியாக உடலில் சேராது, இரண்டுக்கும் இடைவெளி விட வேண்டும்.

'கடைசி மாசம் இடம் இல்லை, அதான் அசையலை' என்ற பேச்சை மட்டும் நம்பிவிட வேண்டாம். நிறைமாதத்தில் அசைவின் விதம் மாறலாம், ஆனால் குறையக் கூடாது. 28 வாரங்களுக்குப் பிறகு வழக்கத்தைவிட அசைவு குறைந்தால், அது மூட்டு சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. நஞ்சுக்கொடி வழியாக ஆக்சிஜன் சரியாகப் போகவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல், ராத்திரியாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.