பாட்டியின் கதையும் பேத்தியின் உளியும்

குடும்பத்துப் பெரியவர்கள் பட்ட பாடு கலையாக முடியுமா? முடியும் என்று காட்டியவர் எலிசபெத் கேட்லெட். 1915-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் பிறந்த கறுப்பினப் பெண்மணி அவர். அவருடைய பாட்டன் பாட்டிமார் அடிமைகளாக இருந்தவர்கள். அடிமை முறை 1865-இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால், தோட்டங்களில் பட்ட துன்பம் பாட்டியின் வாய்மொழியாகப் பேத்தியை வந்தடைந்தது. தந்தையோ கணித ஆசிரியர். மரம் செதுக்கும் கைத்திறனும் உடையவர். மகள் பிறக்கும் முன்பே அவர் காலமானார். தாய்தான் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார்.

1946-இல் மெக்சிகோ சென்ற கேட்லெட், அங்கே மக்களுக்காகப் படங்கள் அச்சிட்ட கலைஞர் பட்டறையில் சேர்ந்தார். அவர் கையாண்ட முறை எளியது. தரையில் விரிக்கும் லினோலியத் துண்டில் படம் வரைந்து, வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடங்களைச் சிற்றுளியால் செதுக்கி எடுப்பார்கள். மிஞ்சிய மேட்டில் மை தடவித் தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். இடம் வலமாக மாறி விழும். ஆகவே திருப்பித்தான் வரைய வேண்டும். ஒரே அச்சில் பல படிகள் எடுக்கலாம். அதனால் விலை குறையும். ஏழை வீட்டுச் சுவருக்கும் கலை வந்து சேரும்.

அவருடைய புகழ்பெற்ற படம் 1952-இல் செய்தது. நிலக்காரருக்கு விளைச்சலில் பங்கு கொடுத்து, வாரத்துக்குப் பயிரிடும் ஒரு மூதாட்டியின் முகம் அது. தலையில் அகன்ற வைக்கோல் தொப்பி. மேற்சட்டையில் பொத்தானுக்குப் பதில் ஓர் ஊக்கு. அந்த ஊக்கு வறுமையைச் சொல்கிறது. நிமிர்ந்த முகம் மானத்தைச் சொல்கிறது. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பதுபோல் வரைந்திருப்பதால், அவர் நம்மைவிட உயர்ந்து நிற்கிறார். பால்வெட்டுக்குப் போன நம் பாட்டிமாரை அறிந்தவர்களுக்கு அந்த முகம் அந்நியமாகத் தோன்றாது.

கலை அவரோடு நிற்கவில்லை. கணவர் பிரான்சிஸ்கோ மோரா ஓவியர். மூன்று புதல்வர்களில் ஒருவர் இசைக்கலைஞர், ஒருவர் திரைப்படக் கலைஞர். இன்னொருவர் தாயின் சிற்ப வேலைக்குக் கை கொடுத்தவர். 2012-இல் கேட்லெட் மறைந்தார். படங்கள் வாழ்கின்றன.

பெற்றோர்களே, சொல்லாத கதை ஒரு தலைமுறையோடு போய்விடும். இன்றிரவு பிள்ளைகள் பாட்டியிடம் கேட்டு எழுதட்டும். லினோலியம் இல்லையென்றால் என்ன? உருளைக்கிழங்கைப் பாதியாக நறுக்கிச் செதுக்கினாலும் அச்சுப் பதியும். முதல் அச்சு பாட்டியின் பால்வாளியாக இருக்கட்டும்.