கம்பளி நூலில் ஒரு வானவில்

ஊதா, கருநீலம், நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. வானவில்லின் நிறங்களை வரிசை பிறழாமல் சொல்ல உங்களுக்குத் தெரியும். இந்த ஏழு நிறங்களும் பட்டை பட்டையாக அமையும்படி ஒரு மஃப்ளர் பின்ன விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஊசிகளால் பின்னினாலும் சரி, நுனியில் கொக்கியுள்ள ஒற்றை ஊசியால் குரோஷா போட்டாலும் சரி, முதல் வேலை நூல் வாங்குவதுதான். கடையில் ஆறு நிறங்களில் உல்லன் நூல் இருக்கிறது. பச்சை மட்டும் தீர்ந்துவிட்டது.

"இதற்கென்ன கவலை? நீல நூலையும் மஞ்சள் நூலையும் ஒன்றாகச் சேர்த்துப் பின்னினால் பச்சை வந்துவிடுமே!" என்கிறான் உடன் வந்த நண்பன். ஓவிய வகுப்பில் நீல வண்ணத்தையும் மஞ்சள் வண்ணத்தையும் குழைத்துப் பச்சை செய்து பார்த்தவன் அவன். அவன் சொல்வதை நம்பி நூல் வாங்கலாமா?

வாங்கினால் ஏமாந்து போவீர்கள். பச்சைப் பட்டை இருக்கவேண்டிய இடத்தில் மங்கிய சாம்பல் நிறப் பட்டைதான் கிடைக்கும். ஏன் என்று பார்ப்போம்.

ஏழு என்பது யார் கணக்கு?

1666-ஆம் ஆண்டு வாக்கில் ஐசக் நியூட்டன், இருட்டறைக்குள் ஒரு சிறு துளை வழியே வந்த சூரியக் கதிரை முப்பட்டகத்தின் மீது விழச் செய்தார். எதிர்ச் சுவரில் நிறமாலை விரிந்தது. அதில் ஒரு நிறம் முடிந்து அடுத்த நிறம் தொடங்கும் இடத்தில் கோடு எதுவும் இல்லை. ஏறத்தாழ 700 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பிலிருந்து 400 நானோமீட்டர் ஊதா வரை நிறம் சிறுகச் சிறுக மாறிக்கொண்டே போகிறது. இசையின் ஏழு ஸ்வரங்களோடு ஒப்பிட்டு, அதனை ஏழாகப் பகுத்தவர் நியூட்டன். ஆகவே வானவில் ஒரு சாய்தளம் என்றால், ஏழு உருண்டை நூல் ஏழு படிக்கட்டுகள். இதனை நினைவில் வையுங்கள், பின்னால் பயன்படும்.

சாயம் செய்யும் கழித்தல்

நூல் தானாக ஒளி வீசுவதில்லை. அதன்மீது விழும் வெள்ளொளியில் ஒரு பகுதியைச் சாயம் உட்கவர்கிறது. எஞ்சியதே நம் கண்ணுக்கு வருகிறது. மஞ்சள் சாயம் நீலத்தையும் ஊதாவையும் விழுங்கிவிட்டு, சிவப்பு, மஞ்சள், பச்சைப் பகுதிகளைத் திருப்பி அனுப்புகிறது. நீலச் சாயம் சிவப்பையும் மஞ்சளையும் விழுங்கி, நீலத்தையும் ஓரளவு பச்சையையும் விட்டுவைக்கிறது.

இரு சாயங்களையும் ஒரே கொப்பரையில் கலந்து நூலைத் தோய்த்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு இழையிலும் இரண்டு சாயங்களும் வேலை செய்யும். ஒன்று விட்டதை மற்றொன்று விழுங்கும். இரண்டிடமிருந்தும் தப்பிப்பது பச்சை மட்டுமே. ஓவிய வகுப்பில் நண்பன் கண்டது இந்தக் கழித்தல் கணக்குதான்.

கண் செய்யும் கூட்டல்

தனித்தனியாகச் சாயமேற்றிய இரு நூல்களைச் சேர்த்துப் பின்னும்போது கதை வேறு. மஞ்சள் நூலிலிருந்து வரும் ஒளியை நீல நூல் தொடுவதேயில்லை. இரண்டும் தனித்தனியே புறப்பட்டு வந்து, நம் விழித்திரையில்தான் கூடுகின்றன. அப்படிக் கூடும்போது நிறமாலையின் எல்லாப் பகுதிகளும் அநேகமாகச் சம அளவில் வந்து சேர்ந்துவிடுகின்றன. எல்லா நிறங்களும் சேர்ந்தால் வெண்மை அல்லவா? ஆனால் விழுந்த ஒளியில் பாதியளவை நூல்கள் விழுங்கிவிட்டதால், வெண்மைக்குப் பதிலாகச் சாம்பல் நிறம் தெரிகிறது.

எவ்வளவு தூரத்தில் இப்படிக் கலந்து தெரியும்? கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு டிகிரியில் 60-இல் ஒரு பங்கு. ஒரு பொருள் தன் அகலத்தைப்போல் சுமார் 3,400 மடங்கு தூரத்தில் இருக்கும்போது இந்தக் கோணம் அமைகிறது. ஆகவே 1 மில்லிமீட்டர் நூல் சுமார் 3.4 மீட்டரிலும், 3 மில்லிமீட்டர் அகலமுள்ள பின்னல் வரிசை சுமார் 10 மீட்டரிலும் பக்கத்து நிறத்தோடு கலந்துவிடும்.

கருப்பு நூல் மீது ஒரு புகார்

கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் நிறங்கள் சும்மா இருப்பதில்லை. பாரிஸ் நகரில் கோபெலின் என்ற புகழ்பெற்ற சித்திரத் திரைச்சீலை நெசவாலை உண்டு. 1824-இல் அதன் சாயப் பிரிவுக்குத் தலைவராக வந்தவர் ஷெவ்ரோல் என்னும் வேதியியல் அறிஞர். நீலத் துணிமடிப்புகளின் நிழலைக் காட்டப் பயன்படுத்திய கருப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. அந்த நூலை வேறு இடங்களில் சாயமிட்ட கருப்பு நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். குறை எதுவும் இல்லை. குற்றவாளி சாயமல்ல, அண்டை வீட்டு நீலம்! நீலத்தை அடுத்துள்ள நிறத்தின்மீது அதற்கு எதிரான மஞ்சள் சாயலை நம் பார்வை ஏற்றிவிடுகிறது. அதனால் கருப்பு தன் ஆழத்தை இழந்து தோன்றுகிறது. இந்த ஆய்வுகளை விரித்து அவர் 1839-இல் ஒரு நூலே வெளியிட்டார். கடையில் தனியாகப் பார்த்த நிறம், மஃப்ளரில் வேறாகத் தோன்றுவது ஏன் என்பது இப்போது புரிகிறதல்லவா?

பதின்மூன்று படிகள்

நீலமும் மஞ்சளும் ஏமாற்றினாலும், நண்பனின் யோசனை முழுக்க வீணானதல்ல. தீர்ந்துபோனது ஆரஞ்சாக இருந்திருந்தால் அவன் வென்றிருப்பான். சிவப்பு நூல், மஞ்சள் நூல் இரண்டுமே சிவப்பு ஒளியை அனுப்புகின்றன. இரண்டுமே நீலத்தை விழுங்குகின்றன. எனவே கூட்டல் வெண்மையை நோக்கிப் போகாமல் ஆரஞ்சிலேயே நின்றுவிடுகிறது. நிறமாலையில் அருகருகே உள்ள நிறங்கள் கூடினால் இடைநிறம் கிடைக்கும். வெகுதூரம் விலகியவை கூடினால் நிறமே மங்கும்.

இதைக்கொண்டு நம் படிக்கட்டைச் சாய்தளமாக்கலாம். எல்லாப் பட்டைகளையும் இரட்டை இழையாகப் பின்னுங்கள். முதலில் சிவப்பும் சிவப்பும், அடுத்து சிவப்பும் ஆரஞ்சும், பிறகு ஆரஞ்சும் ஆரஞ்சும் என்று தொடருங்கள். ஏழு நிறங்களுக்கு இடையே ஆறு இடைநிறங்கள். ஆக மொத்தம் 13 பட்டைகள். ஆனால் பச்சை நூலை மட்டும் வேறு கடையில் தேடி வாங்கத்தான் வேண்டும். வாங்கும்போது பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விளக்கொளியில் நிறமாலையின் பகுதிகள் சூரிய ஒளியில் உள்ள விகிதத்தில் இருப்பதில்லை. விளக்கின் கீழ் ஒன்றுபோல் தெரிந்த இரு நூல்கள் வெயிலில் வேறுபடலாம்.

இத்தனையும் உண்மையா என்று சோதிக்கப் பின்னத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஓர் அட்டையில் நீலத் தையல் நூலையும் மஞ்சள் தையல் நூலையும் ஒன்றுவிட்டு ஒன்றாக நெருக்கமாகச் சுற்றுங்கள். அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஐந்து மீட்டர் பின்னால் போய்ப் பாருங்கள். மறக்காமல் அந்த நண்பனையும் கூட்டிக்கொண்டு போங்கள்!