பாலைவனத்திலும் வெள்ளம் வரும்

பணியின் நிமித்தம் ஜோத்பூர், பார்மேர் பகுதிகளில் குடியேறியிருக்கிறீர்களா? பாலைவனத்தில் வெள்ளம் ஏது என்று அசட்டையாயிராதீர்கள். 2006 ஆகஸ்டில் பார்மேர் மாவட்டத்தில் ஓராண்டில் பெய்வதைக் காட்டிலும் அதிகமான மழை சில நாட்களிலேயே கொட்டிற்று. கவாஸ் கிராமம் மூழ்கியது. மணலுக்கடியிலிருந்த ஜிப்சம் படிவம் நீரைக் கீழே இறங்கவிடாததால், அது வாரக்கணக்கில் தேங்கி நின்றது.

ஆகவே, வாடகை குறைவென்று வறண்ட ஆற்றோரத்தில் வீடு பார்க்காதீர்கள். உங்கள் தலைக்குமேல் வானம் தெளிந்திருக்கையிலேயே, ஆரவல்லி மலைகளில் பெய்த மழை லூனி ஆற்றில் பாய்ந்து வரும். தரைப்பாலத்தின்மேல் நீர் ஓடினால் வண்டியை நிறுத்திக் காத்திருங்கள். ஞாயிறு ஆராதனைக்கு நேரமாயிற்றே என்றும் துணியவேண்டாம். விரைந்தோடும் நீர் முழங்காலளவே இருந்தாலும் ஆளைச் சாய்த்துவிடும்.

மழைக்காலத்தில் பிள்ளைகளின் காலணிகளை உதறிப் பார்த்தபின்பே அணிவியுங்கள். வளைகளில் நீர் புகுந்தால் தேளும் சுருட்டை விரியனும் உலர்ந்த இடம் தேடி வீட்டிற்குள் வரும்.